பழைய கார்களும் புகைப் பரிசோதனையும்: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புகைப் பரிசோதனையைப் பற்றியே கேட்கின்றன. ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறோம்.

கேள்வி: அப்பா 1968-இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல ஆண்டுகளாக ஷெட்டிலேயே நின்றிருந்தது. பிரேக், வயரிங், டயர் எல்லாம் பார்த்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். பெட்ரோல் பங்கில் உள்ள மையத்தில் பரிசோதித்தபோது கார்பன் மோனாக்சைடு 5.4 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,180 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று வந்து, தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். எஞ்சினை இறக்கி போர் செய்தால்தான் (சிலிண்டரைக் குடைந்து புதுப்பித்தால்தான்) தேறும் என்கிறார் மெக்கானிக். இவ்வளவு பழைய கார் இன்றைய பரிசோதனையில் தேறவே முடியாதா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: தாராளமாகத் தேற முடியும். எஞ்சினை இறக்குவதற்கு உங்கள் சீட்டில் உள்ள எண்களில் எந்தக் காரணமும் தெரியவில்லை. ஆகவே அந்தச் செலவை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

முதலில் வரம்பு என்ன என்பதைப் பார்ப்போம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆவது விதி, பாரத் ஸ்டேஜ் 2 (பி.எஸ். 2) என்ற புகைத் தரத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்கள் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கும், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்முக்கும் மேல் போகக் கூடாது என்கிறது. பி.எஸ். 4 காருக்கு இதே அளவுகள் 0.3 சதவீதம், 200 பிபிஎம். அதாவது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தமாக்கும் கருவி) இல்லாத, கார்புரேட்டரில் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) ஓடும் வண்டியால் எதை எட்ட முடியுமோ அதைத்தான் உங்கள் காரிடம் சட்டம் கேட்கிறது. வண்டலூர் தொழிற்சாலையில் உருவான அந்த 948 சிசி எஞ்சின், ஒழுங்காக ட்யூன் செய்யப்பட்டிருந்தால், 3 சதவீதத்துக்குக் கீழே சிரமமில்லாமல் வரும்.

இப்போது உங்கள் எண்களைப் படிப்போம். ஹைட்ரோகார்பன் வரம்புக்குள் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு மட்டும் எகிறியிருக்கிறது. எரிவதற்குப் போதுமான காற்று கிடைக்காத பெட்ரோல்தான் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. ஆகவே எஞ்சினுக்குள் போகும் கலவையில் பெட்ரோல் கூடுதலாக இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் ஆயில் எரிந்து ஹைட்ரோகார்பன்தான் முதலில் ஏறும். சைலென்சரில் நீலப் புகையும் தெரியும். உங்கள் கடிதத்தில் அவை எதுவும் இல்லை.

கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஷெட்டில் நின்ற வண்டியில் அது தூசியும் எலி சேர்த்த குப்பையுமாக அடைத்திருப்பது சகஜம். அடுத்து, சோக்கை (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு) முழுவதும் உள்ளே தள்ளிய நிலையில், கார்புரேட்டரின் பக்கத்தில் சோக் லீவர் உண்மையிலேயே சோக் இல்லாத நிலைக்குத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருக்கும், கேபிள் இறுகிப்போய் லீவர் மட்டும் பாதியில் நிற்கும். பல ஆண்டுகள் நின்ற கார்களில் அடிக்கடி காணும் கோளாறு இது. அதன் பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரைத் திறந்து, நீடில் வால்வு சரியாக அடைக்கிறதா, ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து அது கனத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அந்த ஃப்ளோட்டை மாற்றியே ஆக வேண்டும். இவற்றுக்கான பழைய சாமான்களை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் பொறுமையாகத் தேடுங்கள். மாதிரிக்குப் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இவ்வளவும் சரியான பிறகுதான், கலவையின் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அதற்கு முன்பு பிளக்குகளைச் சுத்தம் செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டரில் வைத்து, டேப்பெட் (வால்வு) இடைவெளியையும் இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) கையேட்டில் உள்ளபடி அமைத்துவிடுங்கள். ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பதால், இந்த வேலைகளை நின்றபடியே, வெளிச்சத்தில், நிதானமாகச் செய்ய முடியும்; அந்தக் கால வடிவமைப்பாளர்களுக்கு இதற்காகவே நன்றி சொல்லத் தோன்றும். வண்டியைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். பிறகு எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து மெல்ல வெளியே திருப்பிக்கொண்டே வந்தால் ஓட்டம் சீராகி, வேகம் சற்று ஏறி, ஓர் இடத்தில் நிலைக்கும். அதற்கு மேல் வெளியே திருப்பினால் வேகம் ஏறாது, பெட்ரோல் மட்டும் கூடும். வேகம் நிலைத்த அந்த இடத்தில் நிறுத்தி, த்ராட்டில் ஸ்க்ரூவால் ஐடிலிங்கைக் குறைத்து, மீண்டும் மிக்சர் ஸ்க்ரூவை வேகம் ஒரு துளி குறையும் அளவுக்கு மட்டும் உள்ளே திருப்பி விட்டுவிடுங்கள். கருவியை வைத்துப் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டி நிற்கும். சில நாள் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கரி படிந்து கறுப்பாக இருந்தால் கலவை இன்னும் கூடுதலாகவே இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வேலையை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 5 சதவீதம் வெளியேற்றும் வண்டி மூடிய இடத்தில் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தை உண்டாக்கும். வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: என்னுடையது 1984 பிரீமியர் பத்மினி. கார்பன் மோனாக்சைடு 0.9 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனால் ஹைட்ரோகார்பன் 2,400 பிபிஎம். மெக்கானிக் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பத் திருப்ப அது ஏறிக்கொண்டே போகிறது. – வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்களுடைய சிக்கல் முந்தைய வாசகருடையதற்கு நேர் எதிரானது. ஹைட்ரோகார்பன் என்பது எரியாமலே வெளியேறும் பெட்ரோல். கலவையில் பெட்ரோல் மிகவும் குறைந்துபோனால் தீப்பொறி விழுந்தும் சிலிண்டருக்குள் தீ பரவாமல் அணைந்துவிடும். அந்தச் சுற்றில் உள்ளே போன பெட்ரோல் அப்படியே சைலென்சருக்குப் போய்ச் சேரும். ஸ்க்ரூவை உள்ளே திருப்பும்போது கலவை மேலும் மெலிவதால்தான் எண் ஏறுகிறது. ஆகவே முதலில் ஸ்க்ரூவை வெளியே திருப்பி, கார்பன் மோனாக்சைடை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, ஹைட்ரோகார்பன் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். உங்களுக்கு 3 சதவீதம் வரை இடமிருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை.

அப்படியும் இறங்காவிட்டால், வேண்டாத காற்று எங்கோ உள்ளே புகுகிறதா என்று தேட வேண்டும். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையில் உள்ள கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், வெடித்துப்போன வேக்யூம் குழாய்கள், இவற்றோடு த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். நாற்பது ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் அந்தத் தண்டு ஆடாமல் இருந்தால்தான் வியப்பு. தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தாலே தெரிந்துவிடும். அப்படி ஆடினால் எத்தனை முறை ட்யூன் செய்தாலும் நிற்காது. புஷ் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின்மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. தீப்பற்றும் அபாயம் இருப்பதால் அதை அனுமதிக்காதீர்கள்.

காற்றுக் கசிவு இல்லையென்றால் இக்னிஷன் பக்கம் வாருங்கள். நைந்த பிளக் ஒயர், விரிசல் விட்ட டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பலவீனமான காயில், தேவைக்கு மேல் முன்னால் தள்ளிய டைமிங் ஆகிய ஒவ்வொன்றும் ஹைட்ரோகார்பனை ஏற்றும். சீட்டில் எண்ணைக் குறைப்பதற்காக டைமிங்கை வேண்டுமென்றே பின்னால் தள்ளும் வழியையும் சிலர் சொல்வார்கள். எண் குறையும் என்பது உண்மைதான்; ஆனால் அண்ணா சாலை நெரிசலில், நம் ஊர் மே மாத வெயிலில் எஞ்சின் கொதிக்கும். கையேட்டில் உள்ள டைமிங்கை மாற்ற வேண்டாம்.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன். நான்கு சிலிண்டர்களிலும் கேஜ் வைத்துப் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. வால்வு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். ரிங் என்றால்தான் எஞ்சின் வேலை.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையைப் பாதிக்குமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: பாதிக்கும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் முழுவதும் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுக்கு இந்த வேறுபாடு தெரியாது. முன்பு விட்ட அளவையே அது விடும். ஆகவே கலவை மெலிந்துவிடும். முன்பு கலவை கொஞ்சம் கூடுதலாக இருந்த வண்டிக்கு இதனால் கார்பன் மோனாக்சைடு குறைந்து நன்மையாகக்கூட முடியலாம். ஏற்கெனவே அளவாக இருந்த வண்டியோ ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இருமும். ஐடிலிங்கில் தடுமாறி ஹைட்ரோகார்பனை ஏற்றும். ஐடிலிங் மட்டும் கெட்டிருந்தால் மிக்சர் ஸ்க்ரூவை மறுபடி அமைப்பது போதும். ஓட்டத்திலும் இருமினால் ஓர் அளவு பெரிய ஜெட் போட்டுப் பார்க்கலாம்.

புகையைவிட எனக்குக் கவலை தருவது ரப்பரும் துருவும்தான். பழைய காலத்து ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கார்க் கேஸ்கெட் ஆகியவற்றை எத்தனால் ஊற வைத்து மென்மையாக்கிவிடும். சூடான மேனிஃபோல்டுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் கார் முழுவதும் எரிந்துபோகலாம். எத்தனாலுக்கு ஏற்ற குழாய்களாக அனைத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கடற்காற்று வீசும் ஊரில் பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்க் அடியில் துருச் சேறு சேர்ந்து, அது ஜெட்டை அடைக்கும். வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை ஓட்டுங்கள்; ஓட்ட முடியாதவர்கள் டேங்கைக் காலி செய்து வையுங்கள்.

ஈயத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுவதும் நின்றுவிட்டது. அந்தக் கால எஞ்சின்களில் வால்வு அமரும் இடத்துக்கு ஈயம் ஒரு பாதுகாப்பாக இருந்தது. எப்போதாவது ஹெட்டை இறக்கினால், எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் கடினமான வால்வு சீட்டுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவே ஹெட்டை இறக்க வேண்டியதில்லை.

கேள்வி: 1979 அம்பாசிடருக்கு 1.8 சதவீதம் வந்தும், 0.5 தான் வரம்பு என்று சொல்லிச் சான்றிதழ் மறுத்துவிட்டார்கள். இது சரியா? – வாசகர், அடையாறு

பதில்: சரியல்ல. 0.5 சதவீதமும் 750 பிபிஎம்மும் பி.எஸ். 2, பி.எஸ். 3 கார்களுக்கான வரம்பு. வண்டியின் விவரத்தைக் கணினியில் ஏற்றும்போது வகை தவறாகத் தேர்வாகியிருக்கலாம், அல்லது பதிவேட்டிலேயே தவறாக இருக்கலாம். ஆர்.சி.யில் உள்ள உற்பத்தி ஆண்டைக் காட்டி, 115-ஆவது விதியைச் சொல்லி, மரியாதையாகத் திருத்தச் சொல்லுங்கள். பதிவேட்டில் தவறு என்றால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். பழைய காருக்கு இதுதான் எளிய வழி என்கிறார்களே? – வாசகர், வியாசர்பாடி

பதில்: தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது மோசடி, பிடிபட்டால் கெட்டுப்போவது பழைய கார் வைத்திருக்கும் எல்லோருடைய பெயரும்தான். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் வந்த தடை தமிழ்நாட்டில் இல்லை. நம் கார்கள் வயதைக் காரணம் காட்டி ஒதுக்கப்படாமல் இருக்க வேண்டுமென்றால், பராமரித்த பழைய எஞ்சின் தனக்குரிய வரம்புக்குள் ஓடும் என்பதை ஒவ்வொரு முறையும் கருவியின் முன்னால் காட்டியாக வேண்டும். சிக்னலில் நம் சைலென்சருக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒருவர் காத்திருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டத்தின் பக்கத்தைச் சொல்வதானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி புகை வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தகுதியிழப்பு உண்டு.

கேள்வி: டீசல் அம்பாசிடர் கறுப்பாகப் புகைக்கிறது. என்ன பார்க்க வேண்டும்? – வாசகர், ஆவடி

பதில்: டீசலுக்கு ஐடிலிங்கில் பரிசோதனை இல்லை. எஞ்சினைச் சூடாக்கி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, வரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு ஒளி உறிஞ்சும் அளவு மீட்டருக்கு 2.45 வரை இருக்கலாம். கறுப்புப் புகை என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்று குறைவு. ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு, இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் கொடுத்து, நாசில் பனிபோலத் தூவுகிறதா, ஒழுகுகிறதா என்று பாருங்கள். பம்ப் டைமிங்கையும் அங்கேயே பார்த்துவிடலாம். முழு வேகத்தில் மிதிக்கும் பரிசோதனை என்பதால், டைமிங் பெல்ட்டோ செயினோ, ஆயில் அளவோ சரியில்லாத எஞ்சினை அதற்கு உட்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஐம்பது ஆண்டு கடந்த காரை விண்டேஜ் வாகனமாகப் பதிந்துகொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதா? – வாசகர், ராயப்பேட்டை

பதில்: 2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, அசல் வடிவம் மாறாத, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண்ணில் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்காகத்தான் சாலைக்குக் கொண்டுவர முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர விரும்புகிறவர்களுக்கு அது ஏற்ற வழியல்ல. வழக்கமான பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு, புகைச் சான்றிதழையும் உரிய காலத்தில் வாங்கி வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: பரிசோதனைக்குப் போகும் நாளில் கவனிக்க வேண்டியவை என்ன? வீட்டருகே ட்யூன் செய்தபோது சரியாக இருந்த எண், மையத்தில் ஏறிவிடுகிறது. – வாசகர், நங்கநல்லூர்

பதில்: சென்னை வெயிலில் கார்புரேட்டர் வண்டிகளுக்கு நேர்வது இது. ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தால், எஞ்சின் சூட்டில் ஃப்ளோட் சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் சொட்டும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்து உடனே அளந்தால் கார்பன் மோனாக்சைடு கூடுதலாகத்தான் காட்டும். ஆகவே காலையிலேயே போங்கள். உங்கள் முறை வந்ததும், எஞ்சினை ஒரு நிமிடம் 2,500 சுற்று வேகத்தில் ஓட்டி, தேங்கிய பெட்ரோல் எரிந்து தீர்ந்த பிறகு ஐடிலிங்குக்கு விட்டு அளக்கச் சொல்லுங்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வழக்கமான வெப்பநிலையில் எஞ்சின் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் பழையதாக இருந்தால் சில நாள் முன்பே மாற்றிவிடுங்கள். சோக்கோடு ஓட்டிய ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். அந்த ஆவி பிரீதர் குழாய் வழியாக மீண்டும் எஞ்சினுக்குள் போய் எண்ணை ஏற்றும். சைலென்சரில் ஓட்டை இருந்தாலும் அடைத்துவிட்டுப் போங்கள். ஓட்டை வழியாகக் காற்று புகுந்தால் எண் குறையும் என்று சிலர் அதை அப்படியே விட்டுவைக்கிறார்கள். ஆனால் கருவியில் கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து 15 சதவீதத்தை ஒட்டி வராமல் மிகவும் குறைந்து, ஆக்சிஜன் கூடியிருந்தால், பழகிய பணியாளர் உடனே கண்டுகொள்வார். கருவியின் குழாயை ஓர் அடி அளவுக்காவது சைலென்சருக்குள் விட வேண்டும். சில பழைய கார்களின் வளைந்த சைலென்சர் முனையில் அது முட்டி நின்றுவிடும் என்பதால் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தையும், வண்டிப் பதிவில் இணைத்த கைபேசியையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய பதிவெண் கொண்ட பல கார்களின் விவரம் அரசின் 'வாகன்' இணையதளத்தில் முழுமையாக ஏறியிருக்காது. பரிசோதனைக்கு முன்பே அந்தத் தளத்தில் உங்கள் எண்ணைத் தேடிப் பார்த்து, இல்லையென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தேறாவிட்டால் தரப்படும் நிராகரிப்புச் சீட்டைத் தூக்கி எறியாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களே அவருக்குச் சொல்லும். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்குச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். ஒவ்வொரு சீட்டையும் தேதி வரிசையில் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால், ஹைட்ரோகார்பன் மெல்ல ஏறி வருவது அது வரம்பைத் தொடுவதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும்; அப்போது டேப்பெட்டும் பிளக்கும் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடும்.